எண் வளர்ச்சியும் கை வளர்ச்சியும்

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகளைப் பற்றி நம்மவர் பேசுங்கால் இரண்டே தீர்ப்புகள் வழங்கக் காண்கிறோம். பிள்ளைகளைக் கெடுப்பவை என்பது பெரியோர் தீர்ப்பு. நல்ல ஆட்டம் என்பது வாலிபர் தீர்ப்பு. ஒரு நாடகத்தையோ நாவலையோ இவ்வாறு இரண்டு சொற்களில் முடித்துவிட்டால் அதனை விமரிசனம் என்று எவரும் ஒப்பார். வேலை முடிந்து, உடல் அலுத்து, இரவில் எஞ்சும் இரண்டு மணி நேரத்தைத் தோட்டத்து வாலிபரும் பட்டணத்து வாலிபரும் எதனிடம் ஒப்படைக்கின்றனரோ, அஃது ஆராயத்தக்க பொருளே அன்றோ?

ஈண்டு யான் எடுத்துக்கொள்வன, சிலரே கூடிப் பெருமுதலாளிகளின் ஆணையின்றி ஆக்கிய விளையாட்டுகள். 'இண்டி' என்று அவற்றை வழங்குவர். அவற்றுள்ளும் அதிரடிச் சண்டை வகையும், வேடமேற்று ஆடும் வகையுமே எனக்குப் பழக்கமானவை. அவற்றை அளக்க ஒரே கேள்வி போதுமென்பது என் துணிபு: ஆடி முடித்தபின் வளர்ந்து நிற்பது எது? திரையிலுள்ள எண்ணா, ஆடியவன் கையா?

இக்கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர், தாளும் பகடையும் கொண்டு ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். பகைவரை வீழ்த்தினால் புள்ளி. புதையலைக் கொணர்ந்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் படி உயரும். படி உயர்ந்தால் உயிரும் அடியும் பெருகும். பின்னர்க் கணினியில் வந்த வேட விளையாட்டுகள் பெரும்பாலும் இம்முறையையே மரபுரிமையாகக் கொண்டன. முறை இனியதுதான். ஆயின் ஆயிரம் சிறு பூச்சிகளைச் சலிப்போடு அடித்துக் கொன்றவனும் வீரனாகிவிடுகிறான்; அவன் கற்றது ஒன்றுமில்லை. செக்ரோலில் நாள்தோறும் பேர் பதிந்து, வெட்டிய செம்பனைக் குலைகளை எண்ணாக மாற்றி எழுதுவது என் தொழில். எண் எவ்வளவு சொல்லும், எவ்வளவு மறைக்கும் என்பதைக் கிராணிக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இந்த மரபை அதன் வீட்டுக்குள்ளேயே புகுந்து கேள்வி கேட்டது 'அண்டர்டேல்'. டோபி பாக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் கதையும் இசையும் நிரலும் பெரும்பாலும் தாமே செய்து, 2015ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். பூதங்கள் அடைபட்டுக் கிடக்கும் பாதாளத்தில் ஒரு குழந்தை விழுந்துவிடுகிறது. எதிர்ப்படும் பூதத்தைக் கொல்லலாம். அல்லது அதனோடு பேசி, புகழ்ந்து, நாய் உருவினதாயின் தடவிக்கொடுத்து, மன்னித்தும் அனுப்பலாம். கொன்றால் ஈ.எக்ஸ்.பி., எல்.வி. என்னும் எண்கள் ஏறுகின்றன. இவை வழக்கம்போல அனுபவமும் படியுமே என்று எண்ணி ஆடுகிறோம். முடிவை நெருங்குங்கால் சான்ஸ் என்னும் எலும்புக்கூடு வழியில் நின்று அவ்வெழுத்துகளின் விரிவைக் கூறுகிறது: முன்னது கொலையின் புள்ளியாம், பின்னது வன்முறையின் அளவாம். நாற்பது ஆண்டுப் பழக்கமொன்றை இரண்டு வாக்கியங்களில் தலைகீழாக்கிய இவ்விடத்திற்கு நிகரானதை வேறெந்த விளையாட்டிலும் யான் கண்டதில்லை.

இரக்கத்தின் வழியே செல்வோனுக்கு இங்கே எண் ஏறாது என்பதையும் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் இருந்த 20 உயிர்ப்புள்ளியோடுதான் அவன் இறுதிவரை நிற்கிறான். பகைவன் எறிவனவற்றிலிருந்து தப்பக் கண்ணும் விரலுமே தேற வேண்டும். ஒருவரைக் கொன்றுவிட்டு, மனம் பொறாமல் பழைய சேமிப்புக்குத் திரும்பி, இரண்டாம் முறை உயிரோடு விட்டாலும், பிளௌவி என்னும் பேசும் மலர் முதல்முறை நடந்ததைச் சுட்டிக்காட்டிவிடுகிறது. அழித்தெழுதிய பேரேட்டைத் தணிக்கையாளர் கண்டுபிடித்ததுபோல் நமக்கு வியர்க்கிறது.

குறையும் உளது. எல்லோரையும் கொல்லும் வழியை ஆசிரியரே வெட்டி வைத்து, அதில் நடந்தவனைப் பின்னர்க் குற்றக்கூண்டில் ஏற்றுவது முழுதும் நேர்மையென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவ்வழியை வேண்டுமென்றே சலிப்பூட்டுவதாகச் செய்திருப்பதனால், 'நடவாதே' என்று முன்பே எச்சரித்தாயிற்று என்பாரும் உளர். எனக்கு அது சமாதானமாகத் தோன்றவில்லை.

'ஹாலோ நைட்' வேறொரு வழியில் விடை தருகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் டீம் செர்ரி என்னும் மிகச் சிறு குழுவினர் ஆக்கி, 2017 பிப்ரவரியில் 15 அமெரிக்க டாலர் விலையில் வெளியிட்டனர். நோயால் அழிந்த பூச்சிகளின் இராச்சியம். அதனுள் ஆணியை வாளாக ஏந்திய ஊமை வீரன். இங்கே அனுபவப் புள்ளி என்பதே இல்லை. கொன்றால் கிடைப்பது காசு மட்டுமே. ஆணியைக் கூராக்கலாம், உயிரைச் சிறிது கூட்டலாம். ஆயினும் அவை தேடிக் கண்டெடுக்கும் பொருளால் ஆவனவேயன்றி, கொலைக் கணக்கால் ஆவன அல்ல. மாண்டால் கையிலிருந்த காசு மாண்ட இடத்திலேயே ஒரு நிழலுருவத்திடம் தங்கிவிடும். திரும்பிச் சென்று அந்நிழலை வென்றாலன்றி மீளாது. அதற்குள் மறுபடியும் மாண்டால் பழைய காசு போயிற்று.

அவ்விராச்சியத்தில் ஓரிடத்தில் கும்பிடுபூச்சிகளின் தலைவியர் மூவர் அரியணையில் இருக்கின்றனர். முதலில் ஒருவர் வருவார். அவர் வீழ்ந்தால் ஏனையிருவரும் சேர்ந்து வருவர். முதல் நாள் அவர்கள் பாய்வது மின்னல்போல் தோன்றும். பின்னாளில், பாயுமுன் உடலை எவ்வாறு வளைக்கின்றனர் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அவர்கள் மாறவில்லை, எண் ஒன்றும் ஏறவில்லை, பார்வைதான் தேறியது. வென்றபின் அக்குலத்தார் நம்மைத் தாக்குவதை நிறுத்தித் தலைவணங்குகின்றனர். அப்பூச்சிக்கு நம் மொழி இட்ட பெயரைப் பார்த்தால் அடிலெய்ட்டுக்காரர் தமிழ் படித்தனரோ என்று வேடிக்கையாக எண்ணத் தோன்றும்.

இதன் தொடர்ச்சியாகிய 'சில்க்சாங்', அறிவிக்கப்பட்டு ஆறாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்புக்குப்பின் 2025 செப்டம்பர் 4ஆம் நாள் வந்தது. அழகில் முன்னதை விஞ்சியது, கடுமையிலும் விஞ்சியது. பல பகைவரின் ஓரடி இரண்டு உயிர்களைப் பறிக்கிறது. வெளிவந்த சில நாட்களுக்குள் ஆக்கியோரே தொடக்கப் பகுதியைச் சிறிது எளிதாக்கினர். உடனே எழுந்தது ஒரு கூச்சல்: எளிதாக்கியது பெருந்தவறாம், முடியாதவர் விலகிக்கொள்ள வேண்டுமாம்! கடினத்தை ஒரு குலப்பெருமைபோல் பூண்டுகொண்டு, பிறரை வாசலிலேயே நிறுத்தும் இம்மனப்பான்மையை யான் வெறுக்கிறேன். கை வளர வேண்டும் என்பது வேறு. எல்லோர் கையும் ஒரே வேகத்தில் வளர வேண்டும் என்பது வேறு. விரல் விறைத்தவனும் கண் மங்கியவனும் ஆட விரும்பலாகாதா?

இவ்விடத்தில் சான்பிரான்சிஸ்கோவின் சூப்பர்ஜயண்ட் குழுவினர் 2020ஆம் ஆண்டில் முழுமையாக்கி வெளியிட்ட 'ஹேடிஸ்' நல்ல வழி காட்டியுள்ளது. கிரேக்க நரகலோகத்து அரசனின் மைந்தன் தந்தையின் கோட்டையினின்று தப்ப முயல்கிறான். மாளுந்தோறும் தந்தை வீட்டிற்கே மீள்கிறான். மீளுந்தோறும் அங்குள்ளோர் புதிதாக ஏதேனும் பேசுகின்றனர். ஆகவே தோல்வி கதையை நிறுத்துவதில்லை. தோல்வியாலேயே கதை நடக்கிறது. வேண்டுவோர் ஒரு துணை முறையைத் தெரிந்துகொள்ளலாம்: படும் அடி முதலில் நூற்றுக்கு 20 குறையும், மாளுந்தோறும் மேலும் 2 குறைந்து 80 வரை செல்லும். எவரும் கேலி செய்வதில்லை. கதையில் ஒரு வரியும் மறைக்கப்படுவதில்லை. எண்ணை ஏற்றும் வேலை இதிலும் நிறைய உண்டு என்பது உண்மை. எனினும் எண்ணுக்காக எவரும் இதனை நினைவில் வைத்திருப்பார் என்று தோன்றவில்லை.

இனி, நம் வாலிபர் பலர் கையில் உள்ளதைப் பார்ப்போம். ஷாங்காய் நகரத்து மிஹோயோ என்னும் பெருநிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கென்ஷின் இம்பேக்ட்' இலவசமாகக் கிடைக்கிறது. காட்சி அழகையும் இசையையும் குறைகூற முடியாது. ஒரு காசும் செலவிடாமல் கதை முழுவதையும் ஆடலாம் என்பதும் மெய்யே. ஆயின் சிறந்த வீரரைப் பெறுவது கைத்திறத்தால் அன்று, குலுக்கலால். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 0.6. 90 குலுக்கலுக்குள் ஒன்று உறுதி; விரும்பியதே என்பது உறுதியன்று. நாலு நம்பர் எழுதுவதை மேடையேறிக் கண்டிக்கிறோம். பிள்ளையின் கைப்பேசியில் நடக்கும் இக்குலுக்கலை விளையாட்டென்றே விட்டுவிடுகிறோம். பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம், காசுக்கு விற்கும் இத்தகைய குலுக்குப் பெட்டிகள் சில விளையாட்டுகளில் சட்டத்துக்கு முரணான சூதே என்று 2018ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. 15 டாலரை ஒருமுறை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும் அடிலெய்ட்டுக்காரரோடு ஒப்பிட்டால், இலவசம் என்பது எவ்வளவு விலையுள்ள சொல் என்பது விளங்கும்.

நம் நாட்டு ஆக்கம் ஒன்றையும் அதே அளவுகோலால் அளத்தல் நியாயம். கோலாலம்பூரில் இயங்கும் மெட்ரோனோமிக் குழுவினரின் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' 2020 ஆகஸ்டில் வந்தது. மின்னிசையால் நகரை ஆளும் ஒரு சாம்ராச்சியத்தை ராக் இசைக்காரர் இருவர் எதிர்க்கின்றனர். பகைவரின் அடிகள் தாளத்தோடு விழுகின்றன. காதால் கேட்டே விலக வேண்டும். இவ்வெண்ணம் முதல்தரமானது. நம் அடியோ தாளத்துக்கு வெளியேயும் விழலாம் என்று விட்டுவிட்டதால் காது பாதியே தேறுகிறது. பெரும் பகைவரோடு நடக்கும் சண்டைகள் திருவிழாப் போன்றவை. இடைப்பட்ட தெருக்களில் நடப்பது திருவிழா முடிந்த மறுநாள் போன்றது. நம் நாட்டாரது என்பதற்காக இக்குறையை மறைத்தால் அவர்களுக்கு நன்மை செய்தவர் ஆகோம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்போர்க்கு ஒரு சொல். பழைய கணினியே உள்ளவர் அண்டர்டேலை எடுக்கலாம். பெரும் பொறியும் வேண்டா, ஆடுங்கால் இணையமும் வேண்டா. ஆயின் அது எழுத்து மிகுந்தது; அதன் நகைச்சுவை ஆங்கிலம் நன்கு பழகியோர்க்கே முழுதும் எட்டும். அவ்வளவு பழக்கம் இல்லாதவர் ஹாலோ நைட்டிடம் செல்க. அங்கே வீரனும் பேசுவதில்லை.