விசை எங்கிருந்து வருகிறது?

பள்ளிப் படிப்பை முடித்த எவரிடமும் நியூட்டனின் இயக்க விதிகளைக் கேட்டால் ஒன்றையாவது சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது மூன்றாவது விதியாக இருக்கும். அவரிடமே இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். ஒரு கல்லை நேர் மேலே எறிகிறோம். கையை விட்டுக் கிளம்பி அது ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகள் யாவை? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கை கொடுத்த விசை மேல்நோக்கியும் புவியீர்ப்பு கீழ்நோக்கியும் இருப்பதாகவும், மேலே போகப் போகக் கை கொடுத்தது தீர்ந்துவிடுவதாகவும் பலர் சொல்வார்கள். உண்மையில் கல்லைக் கை விட்ட கணத்திலேயே கையின் விசை முடிந்துவிட்டது. அதன்பின் இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். ஏறும்போதும், உச்சியில் ஒரு கணம் வேகம் சுழியாகும்போதும், இறங்கும்போதும் அதே விசை, அதே அளவு.

விதியை மனப்பாடமாகச் சொல்பவருக்கு அந்த விதியை ஒரு கல்லில் பொருத்திப் பார்க்க ஏன் முடியவில்லை? மாணவரின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இயக்க விதிகளை நாம் அறிமுகப்படுத்தும் முறையிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. அந்த முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் விதியை ஒரு வாக்கியமாகச் சொல்லி, நிலைமத்தை மூன்று வகையாகப் பிரித்து, பிரேக் போட்ட பேருந்தையும் உலுக்கிய மரத்தையும் எடுத்துக்காட்டுவோம். அடுத்து உந்த மாறுபாட்டு வீதத்திலிருந்து ‘விசை = நிறை × முடுக்கம்’ என்று தருவிப்போம். பிறகு மூன்றாம் விதி, அதற்குத் துப்பாக்கியும் ராக்கெட்டும். கடைசியில் கணக்குகள்.

இந்த முறையின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், அது சின்ன பலமல்ல. மூன்றே வாக்கியங்களில் தெருவும் வானமும் அடங்கிவிடுகின்றன. ஈர்ப்பு விதியோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான், யுரேனஸ் தன் பாதையிலிருந்து சற்று விலகுவதற்குக் காரணமான கோள் எங்கே இருக்க வேண்டும் என்று வானியலாளர் லெவெரியே குறித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது. விதிகளை எண்களோடு கற்பிப்பதால் கிடைக்கும் வலிமை இது. அன்றாட வாழ்விலும் இதற்கு உதாரணம் உண்டு. உலர்ந்த சாலையில் ஒரு கார் பிரேக் போட்டால் அதன் வேகம் நொடிக்கு நொடி 7 மீட்டர்/நொடி வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். 60 கிலோமீட்டரில் வந்தால் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. இதை உள்ளுணர்வு ஒருபோதும் சொல்லாது, சமன்பாடுதான் சொல்லும். கணக்குகளைக் குறைத்துவிட்டுக் கருத்தை மட்டும் பேசினால் போதும் என்று வாதிடும் சீர்திருத்தக்காரர்களோடு இந்த இடத்தில் என்னால் உடன்பட முடியாது. அளவில்லாத இயக்கவியல் வெறும் கதை.

ஆனால் கணக்குப் போடத் தெரிவதும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராகிம் ஹாலூன், டேவிட் ஹெஸ்டனஸ் இருவரும் 1985இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாண்டு இயற்பியல் மாணவர்கள் விசை, இயக்கம் பற்றி வகுப்புக்கு வரும்போது என்ன நினைத்தார்களோ அதில் பெரும்பகுதியைப் பாடம் முடிந்தபின்னும் மாற்றிக்கொள்ளவில்லை என்று அது காட்டியது. 1992இல் ஹெஸ்டனஸ் வேறு இருவரோடு சேர்ந்து விசைக் கருத்துகளைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். அதில் கணக்கே கிடையாது. லாரியும் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற, பேச்சுமொழியில் அமைந்த கேள்விகள்தான். ஹார்வர்டில் கற்பித்த எரிக் மசூர் இந்த வகைச் சோதனை ஒன்றைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். அப்போது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்ற பொருளில் அவரிடம் கேட்டிருக்கிறார். பாடம் ஒரு அறையிலும் உலகம் இன்னொரு அறையிலுமாக அந்த மாணவியின் மனதில் இருந்தன. இடையில் கதவு இல்லை.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 வகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் விவரங்களைத் தொகுத்தார். இந்த வகை வினாத்தாளில் பாடத் தொடக்கத்தில் ஒரு வகுப்பு தவறவிட்டதில் எத்தனை பங்கைப் பாடத்தின் முடிவில் மீட்டது என்பதே அவருடைய அளவுகோல். ஆசிரியர் பேச, மாணவர் கேட்ட 14 வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்துக் கற்ற 48 வகுப்புகளில் 0.48. இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. விவரங்களை அனுப்பியவர்கள் தாமாக முன்வந்த ஆசிரியர்கள். தோற்றுப்போன புதுமைகளை அனுப்பாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. அந்த வினாத்தாள் ஒரே கருத்தை அளக்கிறதா, சிதறிய துண்டுகளை அளக்கிறதா என்ற விவாதமும் நடந்திருக்கிறது. நம் வகுப்பறைகளுக்கு இதே எண்கள் பொருந்தும் என்று சொல்ல நியாயமில்லை. ஆனால் பழைய முறையில் நடந்த 14 வகுப்புகளில் ஒன்றுகூடப் பெரிய முன்னேற்றம் காட்டவில்லை என்பதைத் தள்ளிவிட முடியவில்லை.

மாணவரின் தவறை முட்டாள்தனம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் வரலாறு படிக்க வேண்டும். எறியப்பட்ட பொருளுக்குள் எறிந்தவர் ஏதோ ஒன்றைப் புகுத்திவிடுகிறார், அதுதான் பொருளைச் சுமந்து செல்கிறது என்று ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனஸ் சொன்னார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸின் புரிடான் அதை இன்னும் செப்பமாக்கினார். கூர்மையான அறிவாளிகள் நூற்றாண்டுக்கணக்கில் நம்பிய ஒன்றை விட்டுவிடும்படி ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரே வாக்கியத்தில் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த உலகிலோ மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறது, தள்ளுவதை நிறுத்தினால் பீரோ நிற்கிறது. அவன் கண்ணால் காணும் எல்லாமே முதல் விதிக்கு எதிர்ச்சாட்சி. உராய்வு என்ற எதிர்த்தரப்பைக் கூண்டில் ஏற்றாமல் முதல் விதியைப் பேசுவதால்தான் இந்தப் பிழை நிலைக்கிறது. கலிலியோ சாய்தளத்தைப் படிப்படியாகத் தாழ்த்தித்தான், தளம் முழுதும் கிடையாகிவிட்டால் பந்து எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு வந்தார். நம் பிள்ளைகளுக்குக் கேரம் பலகை போதும். போரிக் பவுடர் தூவுவதற்கு முன் ஒரு சுண்டு, தூவிய பின் அதே பலத்தில் ஒரு சுண்டு. காய் போகும் தூரம் மாறுகிறது, சுண்டிய விரல் மாறவில்லை. காயை நிறுத்தியது எது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

முதல் விதியில் இன்னொரு குறையும் உண்டு. விசை சுழி என்றால் முடுக்கமும் சுழி. அது இரண்டாம் விதியிலேயே அடங்கிவிடுகிறதே, முதல் விதி தனியாக எதற்கு? கெட்டிக்கார மாணவர் கட்டாயம் இதைக் கேட்பார். எந்த இடத்தில் நின்று பார்த்தால் இந்த விதிகள் செல்லும் என்பதைச் சொல்வதுதான் முதல் விதியின் வேலை. வளைவில் திரும்பும் பேருந்துக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, யாரும் தள்ளாமலே உடல் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. இந்த விதிகள் செல்லும் பார்வையிடத்துக்குத்தான் நிலைமக் குறிப்பாயம் என்று பெயர், திரும்பும் பேருந்து அப்படிப்பட்டதல்ல. இந்த விளக்கம் மேல்நிலை வகுப்பில்தான் வருகிறது. அதற்குள், உடலை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு விசை ஒரு நிஜ விசை என்ற எண்ணம் வேர்விட்டுவிடுகிறது.

இரண்டாம் விதியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. உந்தத்திலிருந்து தொடங்கும் நம் பாடநூல்களின் போக்கு நியூட்டன் 1687இல் எழுதிய வடிவத்துக்கு நெருக்கமானது, அதைப் பாராட்டலாம். நாம் இன்று எழுதும் முடுக்கச் சமன்பாட்டை இயக்கவியலின் பொது விதியாக மூன்று அச்சுகளில் எழுதிக்காட்டியவர் கணிதவியலாளர் ஆய்லர், அதுவும் 1750இல். சங்கடம் எங்கே என்றால், தேர்வுக்காக உருப்போடப்படும் தருவிப்பில், விசையை நிறை × முடுக்கத்தோடு இணைக்கும் மாறிலியின் மதிப்பு ஒன்று என்று வரும் வரியில். அது இயற்கை சொன்ன உண்மை அல்ல. ஒரு நியூட்டன் என்ற அலகை நாமே அப்படி வரையறுத்துக்கொண்டோம். இயற்கை சொல்வது, விசை இரட்டித்தால் முடுக்கம் இரட்டிக்கும் என்பதை. அதை வகுப்பில் யாரும் செய்து பார்ப்பதில்லை.

மூன்றாம் விதிக்கு வருவோம். அறிமுக முறையின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. மேசைமேல் ஒரு கிலோ நிறையுள்ள புத்தகம். அதன் எடை 9.8 நியூட்டன் கீழ்நோக்கி, மேசை அதைத் தாங்கும் விசை 9.8 நியூட்டன் மேல்நோக்கி. இவை இரண்டும் விசையும் எதிர்விசையும் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், சில வழிகாட்டிகளிலும் அப்படியே இருக்கிறது. தவறு. இரண்டுமே புத்தகத்தின்மேல் செயல்படுபவை, மூன்றாம் விதியின் ஜோடியோ எப்போதும் இரு வேறு பொருட்களின்மேல்தான் செயல்படும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மேசையை லிஃப்டில் வைத்து, லிஃப்ட் மேல்நோக்கி 2 மீட்டர்/நொடி² முடுக்கத்தோடு கிளம்பட்டும். இப்போது மேசை புத்தகத்தைத் தாங்கும் விசை 11.8 நியூட்டன், எடையோ அதே 9.8. மூன்றாம் விதியின் ஜோடியாக இருந்தால் எந்த நிலையிலும் சமமாகவே இருந்திருக்க வேண்டும். பூமி புத்தகத்தை இழுக்கும் விசையின் உண்மையான ஜோடி, புத்தகம் பூமியை இழுக்கும் விசை. அதுவும் 9.8 நியூட்டன்தான். பூமியின் நிறை ஏறத்தாழ 6 × 10²⁴ கிலோ என்பதால் அதில் விளையும் முடுக்கம் நமக்குத் தெரிவதில்லை. லாரியும் காரும் மோதும்போதும் இதே நியாயம்தான். விசைகள் சமம், 10,000 கிலோ லாரியின் முடுக்கத்தைவிட 1,000 கிலோ காரின் முடுக்கம் பத்து மடங்கு. காரில் இருப்பவர்களுக்கு அடி பலமாக விழுவதை விளக்க இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒன்றாக வேண்டும். நாமோ இரண்டையும் வெவ்வேறு நாள் நடத்தி, வெவ்வேறு கேள்வியாகக் கேட்கிறோம்.

படித்தவர்களும் இங்கே வழுக்கியிருக்கிறார்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், வெற்றிடத்தில் ராக்கெட் இயங்க முடியும் என்று சொன்ன ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் காடர்டுக்குப் பள்ளிப் பாடமே தெரியவில்லை என்று கடிந்தது. உந்தித் தள்ளுவதற்கு அங்கே காற்று இல்லையே என்பது அதன் வாதம். ராக்கெட் தள்ளுவது தன் வாயுவை, வாயு தள்ளுவது ராக்கெட்டை. அந்த ஜோடியில் காற்றுக்கு இடமே இல்லை. 1969 ஜூலை 17 அன்று, அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. தலையங்கம் எழுதியவருக்கு மூன்றாம் விதியின் வாக்கியம் தெரியாமல் இருந்திருக்காது. எது எதைத் தள்ளுகிறது என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை.

நியூட்டனுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. மூன்றாம் விதிக்கு அவர் தந்த விளக்கம் துப்பாக்கி அல்ல. விரல் கல்லை அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது என்று தொடங்குகிறார். அதோடு நிறுத்தாமல் சோதனைகளையும் எழுதி வைத்திருக்கிறார். பத்து அடி நீளக் கயிறுகளில் ஊசல்களைத் தொங்கவிட்டு மோதவிட்டார். இறுக்கிச் சுருட்டிய கம்பளி உருண்டை, எஃகு, தக்கை, கண்ணாடி எல்லாவற்றையும் முயன்றார். எனக்கு மிகவும் பிடித்தது காந்தச் சோதனை. காந்தத்தை ஒரு பாத்திரத்திலும் இரும்பை இன்னொன்றிலும் வைத்து அசையாத நீரில் மிதக்கவிட்டார். இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டன. காந்தம் இரும்பை இழுப்பது இரும்பு காந்தத்தை இழுப்பதைவிட அதிகமாக இருந்திருந்தால், ஒட்டிய ஜோடி தானாகவே ஒரு பக்கம் முடுக்கத்தோடு நகர்ந்துகொண்டே போயிருக்கும். இவ்வளவு அழகான தர்க்கத்தையும், வாளித் தண்ணீரில் செய்துவிடக்கூடிய சோதனையையும் நாம் பாடத்தில் சேர்ப்பதில்லை.

என் கருத்து இதுதான். கணக்குகள் அப்படியே இருக்கட்டும், வரிசை மாறட்டும். விசை என்பது இரண்டு பொருட்களுக்கு இடையே நடப்பது என்பதை முதல் நாளே சொல்லியாக வேண்டும். முடுக்கமும் சமன்பாடும் அதன்மேல் வரட்டும். தனித்த பொருளின் விசைப்படத்தை மேல்நிலை வகுப்புவரை தள்ளிப்போடாமல் பத்தாம் வகுப்பிலேயே வரையப் பழக்க வேண்டும். வரையும் ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு பெயர் எழுத வேண்டும்: செலுத்தும் பொருள், ஏற்கும் பொருள். செலுத்தும் பொருளின் பெயர் கிடைக்காத அம்பு அழிக்கப்பட வேண்டியது. பொதுத்தேர்வில் இதற்கு ஒரு கேள்வி வராதவரை எந்த ஆசிரியரும் இதற்கு நேரம் ஒதுக்க மாட்டார். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஆண்டு முடிவில் அவர்களிடம் கேட்கப்படுவது தேர்ச்சி விழுக்காடு. எண்ணே இல்லாத, படம் மட்டும் கேட்கும் கேள்வியைத் திருத்துவது தருவிப்பைத் திருத்துவதைவிடச் சுலபம். அம்புகளை எண்ணி, பெயர்களைப் பார்த்தால் முடிந்தது.

நேரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. நிலைமத்தின் மூன்று வகைகளை வரையறுத்து எழுதும் பகுதியை விட்டுவிடலாம், ஓய்வுக்கும் இயக்கத்துக்கும் திசைக்கும் தனித்தனியாக இயங்கும் மூன்று நிலைமங்கள் இல்லை. மாறிலிக்கு ஒன்று என்று போட்டு முடிக்கும் தருவிப்பை உருப்போட வைப்பதையும் விட்டுவிடலாம், அலகின் வரையறையாக ஒரே வரியில் சொன்னால் போதும். இரண்டையும் நீக்கினால் மிஞ்சும் வகுப்பு நேரத்தில், காந்தத்தையும் இரும்பையும் மிதக்கவிட்டுப் பார்த்து, அந்த ஜோடி ஏன் நகராமல் நிற்கிறது என்று பிள்ளைகளை வாதாட விடலாம்.