எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

திரைப்படத்தைப் பற்றியும் கணினி விளையாட்டைப் பற்றியும் அபிப்பிராயம் கூறாதார் நம்மிடையே எவருமிலர். ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர், "இவையெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கும் நஞ்சு" என்பார். மாணவனோ, "அதிலுள்ள சுவை உங்களுக்குத் தெரியாது சேர்" என்பான். இருசாராரும் எதனை அளவுகோலாகக் கொண்டு பேசுகின்றனர் என வினவின், விடை கிடைப்பது அரிது. ஈண்டு யான் கூறப்புகுவதும் தோட்டப்புறத்து ஆசிரியன் ஒருவனின் அபிப்பிராயமே. ஆயினும் அதற்குரிய அளவுகோலை, வத்தேகமவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் நம் முன்னோர் ஆடிய காமன் கூத்திலிருந்து பெற முயல்கின்றேன்.

மாசி மாதத்து வளர்பிறையிற் கம்பம் நட்டுத் தொடங்குவது காமன் கூத்து. சிவபெருமானின் தவத்தைக் குலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்புவதும், இறுதியில் அவள் கண்ணுக்கு மட்டும் அவன் புலப்படுவதுமே கதை. கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தைப் படித்தார்க்கு இது புதிதன்று. ஆயின் படிப்பது வேறு, ஆடுவது வேறு. ரதியாக வேடம் புனைபவரும் ஆடவரே. அவரும் மதனாக ஆடுபவரும் விரதங் காப்பர். லயத்து மக்கள் வெறும் பார்வையாளர் அல்லர். தப்பு அடிப்பவர் அவர்களே. ரதியின் ஒப்பாரிக்குத் தம் வீட்டுச் சாவையும் நினைந்து அழுபவரும் அவர்களே. மதன் எரிந்த இரவில், எரிந்தவன் தம் தோட்டத்துப் பிள்ளை என்றே பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வதைச் சிறுவனாய் இருந்தபோது கண்டிருக்கின்றேன்.

தமிழகத்தில் இக்கதையை வைத்து லாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிவர். மன்மதன் எரிந்தான் என வாதிடுவது எரிந்த கட்சி. எரியவில்லை என மறுப்பது எரியாத கட்சி. கதை முழுவதையும் அறியாதவன் எக்கட்சியிலும் நிற்றல் இயலாது. நம் ஓய்வறை வாதத்தில் இல்லாத சிறப்பு இதுவேயாம். இவ்விரு கட்சியின் பெயரையே யான் கடன் வாங்குகின்றேன்: ஓர் ஆட்டத்தில் எரிந்தது எரிந்ததாக நிற்கின்றதா? நின்றால், அந்த இழப்பை ஆடுபவன் சுமக்கின்றானா?

திரைப்படத்தை முதலில் நோக்குவோம். பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வெளிவந்தது. பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவலைத் தழுவியது. அந்நாவல் தமிழில் 'எரியும் பனிக்காடு' எனப் பெயர்க்கப்பட்டது. கங்காணியின் சொல்லை நம்பி மலையேறியவர் கதையாதலின், வால்பாறைக்குரியதாயினும் எமக்கும் உரியதே. திரையில் எரிந்தது எரிந்ததுதான்; நாம் கூக்குரலிட்டாலும் அவர்கள் திரும்பி நடக்கப்போவதில்லை. அக்கையறு நிலையே சினிமாவின் வலிமை. குறையும் அதனுள்ளேயே இருக்கின்றது. துயரின்மேல் துயரை அடுக்கும் இயக்குநர், கண்ணீரோடு நம் கடன் தீர்ந்ததென நாம் எழுந்து செல்ல விட்டுவிடுகின்றார். 1975இல் வி. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' தொழில்நுட்பத்தில் இதற்கு நிகரில்லை. எனினும் தம் மலைகளையே திரையிற் கண்ட மகிழ்ச்சியை எம் மூத்தோர் நெடுங்காலம் பேசினர்.

கணினி விளையாட்டுக்கு வருவோம். மாணவர் கைத்தொலைபேசியில் ஆடும் 'பப்ஜி'யில் நூறு பேர் தீவொன்றில் இறங்குவர். ஒருவனோ ஒரு குழுவோ எஞ்சும்வரை சுட்டு வீழ்த்துவர். வீழ்ந்தவன் சில நிமிடங்களில் அடுத்த தீவில் இறங்கிவிடுகின்றான். எரியாத கட்சியின் அப்பட்டமான வடிவம் இது. பூனா நகரில் உருவாக்கப்பெற்று 2020இல் வெளிவந்த 'ராஜி' பன்மடங்கு உயர்ந்தது. அரக்கர் கவர்ந்துசென்ற தம்பியைத் தேடும் சிறுமியின் கதையைத் துர்க்கையும் திருமாலும் உரையாடிக்கொண்டே நமக்குச் சொல்கின்றனர். கோட்டைகளும் சுவரோவியங்களும் கண்ணைக் கவர்வன. ஆயினும் சிறுமி நூறுமுறை மாண்டாலும் சற்று முன்னிருந்த இடத்தில் எழுந்து நிற்கின்றாள். அந்நூறு சாவுகளுள் ஒன்றையேனும் கதை அறிவதில்லை.

இதனை வகுப்பிற் கூறியபோது ஒரு மாணவன் மறுத்தான். 1980இல் தோன்றிய 'ரோக்' என்னும் விளையாட்டில் வீரன் மாண்டால் மாண்டதே என்றும், அதன் வழிவந்தவை இன்றும் பல உண்டு என்றும் எடுத்துக்காட்டினான். அவன் கூற்று மெய். குற்றம் கருவியில் இல்லை என்பதை யான் ஏற்கின்றேன். எரியாத கட்சியினன் ஒருவன் எரிந்த கட்சியின் பாட்டையும் கற்று வந்திருந்தது எனக்கு மகிழ்ச்சியே.

மேசையைச் சுற்றியிருந்து ஆடும் வேட விளையாட்டே எனக்கு வியப்பளித்தது. அமெரிக்கரான கேரி கைகக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்போர் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இதன் முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் தத்தம் பாத்திரமாகவே பேசுவர். ஐயமான செயலைக் காய் உருட்டித் தீர்மானிப்பர். மேடையில்லை, ஒப்பனையில்லை. மாண்டவரை எழுப்பும் மந்திரம் இங்கும் உண்டு. ஆனால் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி அம்மந்திரங்களுள் ஒன்றிற்கு 500 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும். ரதி கண்ணுக்கு மட்டும் மதன் மீண்டதை நினைவுகூர்க. மீட்சிக்கும் ஒரு விலை வைத்தவர் சாவின் கனத்தை அறிந்தவராவர்.

சென்ற ஆண்டு என் மாணவர் நால்வர், படியெடுத்த சில தாள்களையும் இரு தாயக்கட்டைகளையும் வைத்துக்கொண்டு இதனை ஆடினர். லயத்தில் வளர்ந்த மாணவி ஒருத்தி கதையை நடத்தினாள். அவள் கதையில் டிராகன் இல்லை. தேயிலைச் சரிவில் சிறுத்தை இருந்தது. ஒருவனுடைய பாத்திரம் அதன் வாய்ப்பட்டு மாண்டது. அவன் சிறிதுநேரம் மௌனமாயிருந்து, "லயத்திலே இவனுக்கு ஓர் அம்மா இருக்கிறாள். அவளிடம் யார் போய்ச் சொல்வது?" என்றான். ஏனைய இருவரும் சிறுத்தையை மறந்து, யார் போவது என்று வெகுநேரம் வாதிட்டனர். இதற்கு இணையான கட்டத்தை அண்மையில் யான் எத்திரையிலும் கண்டிலேன்.

பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' முதலாகக் கூத்துகளைச் சுருக்கி அரங்கேற்றியமை கூத்துக்குப் பெருமதிப்பைத் தேடித்தந்தது. அதனால் நாம் அடைந்த ஆதாயம் பெரிது. எனினும் நாற்காலியில் அமர்ந்தவன் தப்பு அடிக்க எழுவதில்லை.

யானும் நாற்காலியில் அமர்ந்தவனே. வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் ஏற்குமாறு என்னை அழைத்தனர். பரீட்சை என்று மறுத்தேன். மெய்க்காரணம் சேலை உடுக்க வெட்கம். எனக்குப் பதிலாக ஆடிய அண்ணன் இன்று இல்லை. அவருக்குப்பின் அங்கே ரதி ஆட அறிந்தவர் எவருமிலர். மாசியிற் கம்பம் மட்டும் நடுகின்றனர்.

சிறுத்தைவாய்ப்பட்ட பாத்திரத்துக்கு உரிய அம்மாணவன் அண்மையில் என்னிடம் வந்து, "ரதியின் ஒப்பாரி உங்களுக்குத் தெரியுமா சேர்?" என வினவினான். பாதி தெரியும் என்றேன். எஞ்சிய பாதியை அறிந்த மூதாட்டி ஒருவர் பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கின்றார். வரும் சனிக்கிழமை இருவரும் அங்கே செல்கின்றோம்.