ஒன்பதரை அடியும் 4கே டிவியும்

ரெட்டியார்சத்திரத்திலிருந்து சித்தப்பா போன் போட்டார். "ஏன்டா, பெரிய டிவிக்கு வரியைக் குறைச்சுட்டாங்களாம்ல, வாங்கிரலாமா?" விஷயம் உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. திண்டுக்கல் கடை ஒன்றில் "55 இஞ்ச், 4கே, அதுக்குக் கீழ யாரும் எடுக்கிறதில்ல சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் 'எத்தனை அடிக்கு எத்தனை இஞ்ச்' அட்டவணைகளை அவருக்காக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது.

அந்த அட்டவணைகளின் கணக்கில் தப்பில்லை. நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காது. பழனி ரோட்டில் வரும் பஸ்ஸின் போர்டு தூரத்தில் வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்து, கிட்ட வந்ததும் எழுத்தாகிறதே, அதே சமாச்சாரம். ஜப்பானின் என்எச்கே 1964-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த எச்டி தரமே இந்தக் கணக்கில் நிற்பதுதான்: திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் 1080 வரிகள் போதும். 4கே-க்கு அதில் பாதி தூரம்.

இனி சித்தப்பா வீட்டு ஹால். சுவரோரம் டிவி, எதிர்ச் சுவரோரம் சோபா. டேப் வைத்து அளக்கச் சொன்னேன்: ஒன்பதரை அடி. 55 இஞ்ச் திரையில் 4கே-யின் முழு நுணுக்கமும் தெரிய மூன்றரை அடிக்குள் உட்கார வேண்டும். ஒன்பதரை அடியிலிருந்து கண்ணால் பிரிக்க முடிவது குறுக்கே சுமார் 1450 புள்ளிகள். 4கே-யில் இருப்பதோ 3840. மீதிக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்கு வந்தே சேராது. அதுவும் குறையில்லாத கண்ணுக்கு. சித்திக்குப் புரை விழத் தொடங்கி ரெண்டு வருஷம்.

இதுவரை அட்டவணைகளும் சொல்லும். அவை விட்டுவிடுவது, திரைக்குள் என்ன வருகிறது என்பதை. சித்தப்பா வீட்டில் ஓடுவது கேபிள். சாதாரண செட்டாப் பாக்ஸ், பின்னால் மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர். அந்த வழியாக வரும் படத்தில் வரிகள் 576 மட்டுமே. தூர்தர்ஷன் காலத்துத் தரம் அது. டிவி எத்தனை 'கே' ஆனாலும் சீரியல் 576 வரியில்தான் வரும். மீதியை டிவி இட்டு நிரப்பும்.

இந்த 576 வரியை எவ்வளவு தூரத்தில் பார்த்தால் குறை தெரியாது? அதே கணக்கைத் திருப்பிப் போட்டேன். 32 இஞ்சில் எட்டடி. 43-இல் பத்தரை. 55-இல் பதிமூன்றரை அடி! அதாவது சித்தப்பாவின் பழைய 32 இஞ்சில் சோபாவிலிருந்து சுத்தமாகத் தெரிந்த அதே முகம், 55-இல் கொழகொழவென்று தெரியும். என் மச்சான் வீட்டில் இதுதான் நடந்தது. புது டிவி மாட்டிய அன்றைக்கே "பழசே நல்லா இருந்துச்சு" என்று அக்கா சொல்ல, டிவியில் கோளாறு என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். டிவி நன்றாகத்தான் இருந்தது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவியைப் பற்றி மங்கல் என்று யாரும் புகார் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. சின்னது என்றுதான் சொன்னார்கள். இப்போது காரணம் புரிகிறது.

சினிமா பாணி அட்டவணைகள் வேறு இருக்கின்றன. திரை பார்வையில் 30 டிகிரியை அடைக்க வேண்டுமாம். அந்தக் கணக்கில் சித்தப்பாவுக்கு 70 இஞ்ச் வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். டியூப்லைட் எரிய, கதவு திறந்து கிடக்க, வெங்காயம் உரித்தபடி பார்க்கும் வீட்டுக்கு எழுதியதல்ல.

ஒரு இடத்தில் மட்டும் கடைக்காரர் பக்கம் சாய்கிறேன். லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் தரையில், நாலடி தூரத்தில் உட்கார்ந்து யூடியூப் பார்ப்பார்கள். அங்கே 4கே கண்ணுக்குத் தெரியும். ஆனால் வருஷத்தில் இருபது நாள்.

கடைசியில் நான் சொன்னது இது: 43 இஞ்ச் போதும். அதிலும் 4கே-க்கு விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் எடுத்துக்கொள்ளலாம், அதற்காகத் தேட வேண்டாம். மிச்சப் பணத்தில் எச்டி பாக்ஸுக்கு மாறி, எச்டிஎம்ஐ ஒயரில் இணைக்க வேண்டும். "பாக்ஸ மாத்துனா போதும்னா டிவி எதுக்குடா?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. கீழே ஓடும் செய்தி எழுத்து சித்திக்குத் தெரியவில்லை, அதற்குத்தான் பெரிய திரை என்றேன்.

43 வந்துவிட்டது. சித்தி முதல் நாளே நாற்காலியை ரெண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுப்படிக்குப் போகிற வழி அடைபட்டதால் இப்போது எல்லாரும் திரையை மறைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.