குரலற்ற முரடன்

கிரிப்டான் கிரகத்தின் நீதிமன்றத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். சுற்றிலும் இருட்டு. ஒளி வளையங்கள் சுழன்று சுழன்று அவர்களைச் சிறைப்பிடித்திருக்கின்றன. வெள்ளை வெளேரென்று ஒளிரும் உடையில் மார்லன் பிராண்டோ, சூப்பர்மேனின் தந்தை ஜோர்-எல் வேடத்தில், ஒவ்வொருவர் மீதும் குற்றம் சாட்டுகிறார். 1978 இல் வெளியான ரிச்சர்ட் டானரின் 'சூப்பர்மேன்' படத்தில், வருங்கால நாயகன் கைக்குழந்தையாகக்கூட இன்னும் நம் கண்ணில் படாத கட்டம் இது. மூவரில் முதலில் குற்றம் சாட்டப்படுபவன் தாடி வைத்த ராட்சதன் நொன். இவனுக்கு அறிவு கிடையாது, அடித்து நொறுக்குவதைத் தவிர வேறு எதையும் வெளிப்படுத்தத் தெரியாதவன் என்று ஜோர்-எல் சொல்கிறார். இரண்டாவது, மனித குலத்தையே வெறுக்கும் அர்ஸா. கடைசியாகத் தலைவன், ஜெனரல் ஸாட். மற்ற இருவருக்கும் பதில் சொல்ல நாக்கு இருக்கிறது. நொன்னுக்கு இல்லை. அவனைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைத்தான் நாம் கேட்கிறோம், அதை அப்படியே நம்பியும் விடுகிறோம்.

சூப்பர்ஹீரோ கதைகளில் வேற்றுக்கிரகத்து அடியாட்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் யாரையாவது ஒருவனை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ரசிக்க வேண்டும் என்றால் என் கை இவனிடம்தான் போகும். காமிக்ஸில் முன்னோடி இல்லாத பாத்திரம் இவன். ஸாட் 1961 இலேயே காமிக்ஸில் வந்துவிட்டவர். நொன் திரைப்படத்துக்காகப் பிறந்து, அங்கிருந்து காமிக்ஸுக்குப் போனவன். காகிதத்தில் ஒரு கோடுகூட இல்லாத அவனுக்கு முழு உருவமும் ஒரு நடிகரின் உடலிலிருந்து வந்தது.

அந்த நடிகர் ஜாக் ஓ'ஹாலோரன். ஆறரை அடி உயரம். பிலடெல்பியாக்காரர். நடிக்க வருவதற்கு முன் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர். ஜார்ஜ் ஃபோர்மனோடும் கென் நார்ட்டனோடும் மோதித் தோற்றவர். அந்த இருவரிடம் தோற்பதற்கே தனித் தகுதி வேண்டும். 1975 இல் 'ஃபேர்வெல், மை லவ்லி' படத்தில் ராபர்ட் மிச்சமுக்கு எதிரே மூஸ் மல்லாய் என்ற பாத்திரத்தில் அறிமுகமானார். சிறையிலிருந்து வெளியே வந்து, காணாமல்போன தன் காதலியைத் தேடித் தரச்சொல்லி ஒரு துப்பறிவாளரைப் பிடித்து உலுக்கும் பேருருவம் அந்த மூஸ். கைபட்ட இடம் உடையும், மனசோ சின்னப் பையனுடையது. நொன்னின் வித்து அங்கே விழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மூஸுக்கு வசனம் இருந்தது. நொன்னாக நடிக்கும்போது அதுவும் பிடுங்கப்பட்டு, உறுமலும் மூச்சும் மட்டும் மிஞ்சின.

குத்துச்சண்டைக்காரர் ஒருவரை அடியாள் வேடத்துக்குப் பிடிப்பதில் புதுமை இல்லை. தசையைக் காட்டச் சொல்வார்கள், முறைக்கச் சொல்வார்கள், வேலை முடிந்தது. ஓ'ஹாலோரன் அந்த வழியில் போகவில்லை. வளையத்துக்குள் வளர்ந்த உடல் எப்போது அசையக்கூடாது என்பதையும் அறிந்த உடல். ஸாட் பேசும்போது நொன் சும்மா நிற்பதை மட்டும் தனியாகப் பாருங்கள். தோள் தளர்ந்திருக்கும், கை தொங்கும், கண் மட்டும் எங்கோ அலையும். மிரட்டும் தோரணை துளியும் இருக்காது. ஏவல் வந்தவுடன் மட்டும் அந்த உடம்பு நிமிர்கிறது. எஜமானின் பேச்சுக்கும் அடியாளின் அடிக்கும் நடுவில் விழும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் பாத்திரத்தின் உயிர் இருக்கிறது. ஸாடாக நடித்த டெரன்ஸ் ஸ்டாம்ப் குரலை உயர்த்தாமலே உலகத்தை மண்டியிட வைக்க முடிந்ததற்கு, பக்கத்தில் இப்படி ஒரு மலை அமைதியாக நின்றதும் காரணம்.

இதன் முழு விளைச்சல் 1980 இல் வந்த 'சூப்பர்மேன் 2' இல் கிடைக்கிறது. ஃபேன்டம் ஸோன் என்ற கண்ணாடிச் சிறை உடைந்து, மூவரும் பூமிக்கு வருகிறார்கள். மஞ்சள் சூரியன் அவர்களுக்குச் சூப்பர்மேனின் அத்தனை ஆற்றலையும் கொடுக்கிறது. வந்து சேரும் சிற்றூரில் மூவரும் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். ஸாட் சுற்றுமுற்றும் பார்த்து உடனே சலித்துப்போகிறார். வெல்வதற்கு இங்கே எதுவுமே இல்லையே என்ற சலிப்பு. அர்ஸா, தோற்றவர்களின் சின்னங்களைப் பறித்துச் சேர்க்கிறாள். விண்வெளி வீரரின் உடையில் இருந்த பட்டை, ஷெரிஃபின் சட்டையில் இருந்த வில்லை, எல்லாம் அவள் உடையில் ஏறுகின்றன. அதிகாரத்தின் அடையாளம் எது என்று அவளுக்குத் தெரியும். நொன் பிய்த்தெடுப்பது போலீஸ் காரின் சுழல்விளக்கை. அது மினுமினுக்கிறது, அதனால் அவனுக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மகிழ்வதைப் பார்க்கும்போது, படம் முழுவதிலும் பூமியைக் கண்டு வியக்கும் வில்லன் இவன் ஒருவன்தான் என்பது உறைக்கும். கண்ணிலிருந்து அனல் கக்குவது மற்ற இருவருக்கும் உடனே கைவந்துவிடுகிறது. நொன் முகத்தைச் சுருக்கி, முக்கி முனகி முயன்று பார்க்கிறான், வரமாட்டேன் என்கிறது. திரையரங்கில் அந்த இடத்தில் சிரிப்பு எழும். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் மேல் ஒரு பாசத்தையும் கூடவே கொண்டுவருகிறது. அடுத்த கணமே அதே கைகள் ஆட்களைத் தூக்கி எறியும்போது நமக்கு அது கூடுதலாக வலிக்கிறது. மெட்ரோபொலிஸ் நகரத்துச் சண்டையில் பயணிகள் நிறைந்த பஸ்ஸை அர்ஸாவும் அவனும் சேர்ந்து தூக்குகிறார்கள். அவள் முகத்தில் குரூரம் தெரிகிறது. அவனுக்கு அது விளையாட்டு. உள்ளே ஆட்கள் இருப்பது அவனுக்குப் புரிகிறதா என்பதையே ஓ'ஹாலோரன் சொல்லாமல் விடுகிறார். கெட்ட எண்ணத்தைவிட இந்தப் புரியாமை பயங்கரமானது.

பிறகு வந்தவர்களோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை இன்னும் தெரியும். 2013 இல் வந்த ஸாக் ஸ்னைடரின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் ஸாடின் முரட்டு அடியாளாக வருபவன் நாம்-எக். உருவத்தில் நொன்னைவிடப் பெரியவன். ரயில் எஞ்சினையே தூக்கி வீசுகிறான். ஆனால் அவன் முகம் கவசத்துக்குள் இருக்கிறது. முகம் இல்லாத பலம் ஒரு புயலோ பூகம்பமோ போல வந்து போகிறது. மிரள்கிறோம், படம் முடிந்தால் மறந்துவிடுகிறோம்.

மார்வெல் பக்கம் இந்த வகையில் நான் மதிப்பவன் கல் அப்சிடியன். 2013 இல் ஜோனதன் ஹிக்மன் எழுதிய 'இன்ஃபினிட்டி' தொடரில் பிளாக் ட்வார்ஃப் என்ற பெயரில் தானோஸ் என்ற பெரும் வில்லனின் ஐந்து தளபதிகளில் ஒருவனாக வந்தவன். 2018 இல் 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தில் பெயர் மாறி வந்தான். அவனுக்கு உடலசைவு கொடுத்தவர் டெரி நோட்டரி. ஜிம்னாஸ்டிக்ஸும் சர்க்கஸும் பயின்றவர், 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படங்களின் குரங்கு நடைகளை வடிவமைத்தவர். கான் விழாவில் 2017 இல் தங்கப்பனை வென்ற 'தி ஸ்கொயர்' படத்தில், விருந்து மண்டபத்துக்குள் குரங்கு மனிதனாகப் புகுந்து கோட்டு சூட்டு போட்டவர்களை நடுங்க வைக்கும் கலைஞராக வருபவரும் அவரே. அப்படிப்பட்டவர் கொடுத்த நடை என்பதால்தான், கணினியில் தீட்டிய உருவமாக இருந்தும் கல் அப்சிடியனின் காலடியில் எடை இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் ஹல்க் தானோஸை அடிக்கும்போது அவன் எஜமானைக் காக்க முன்னே வருகிறான். இன்னொரு தளபதியான மெலிந்த உடம்புக்காரன் எபனி மா, அவர் விளையாடட்டும் விடு என்பதுபோல் தடுத்துவிடுகிறான். அந்த ஒரு தடையில் தானோஸின் பலம் எத்தகையது என்பது முழுக்கச் சொல்லப்பட்டுவிடுகிறது. அடியாளின் வேலை எஜமானை அளந்து காட்டுவது என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தப் படமே அவனை வீணடிக்கிறது. மந்திர வாசல் ஒன்று மூடும்போது கை துண்டாகிறது, வகாண்டாவில் வெடித்துச் சாகிறான், 2019 இல் வந்த அடுத்த படத்தில் ராட்சத உருவெடுத்த ஆன்ட்-மேனின் காலடியில் நசுங்குகிறான். எல்லாமே கைதட்டலுக்கான சாவுகள். அவன் யார் என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஓவியர் ஜாக் கிர்பி. 1971 இல் தொடங்கிய அவருடைய 'தி நியூ காட்ஸ்' இதழ்களில் வரும் கலிபாக், டார்க்ஸைட் என்ற கொடுங்கோலனின் மகன். கையில் கதாயுதத்தோடு அலையும் முரடன். அவனுடைய ஆத்திரத்துக்கு அடியில் அப்பனின் ஒரு பார்வைக்காக ஏங்கும் பிள்ளை இருப்பதைக் கிர்பியின் தடித்த கோடுகள் காட்டிக்கொடுக்கும். அவனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நொன்னுக்கு வருவோம். படத்தில் அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பதற்குக் காரணம் கிடையாது. பிறவியிலேயே அப்படி என்பதாக விட்டுவிடுகிறார்கள். காரணம் 2006 இல் வந்தது. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழில் 'லாஸ்ட் சன்' என்ற தொடர்கதை அந்த ஆண்டு தொடங்கியது. வரைந்தவர் ஆடம் க்யூபர்ட். எழுதிய இருவரில் ஒருவர் ஜெஃப் ஜான்ஸ், இன்னொருவர் அதே ரிச்சர்ட் டானர். ஜான்ஸ் ஒரு காலத்தில் டானரிடம் உதவியாளராக இருந்தவர். இருவரும் சேர்ந்து நொன்னுக்கு ஒரு முன்கதை கொடுத்தார்கள். அவன் ஒரு விஞ்ஞானி. ஜோர்-எல்லின் நண்பன். கிரிப்டான் அழியப் போகிறது என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவன். வெளியே பேசக் கூடாது என்று ஆட்சிக் குழு தடை போட்டது. நொன் வாயை மூடவில்லை. அவனைக் கடத்திக்கொண்டு போய், மூளையில் அறுவை செய்து, பேச்சையும் சிந்தனையையும் அழித்து அனுப்பினார்கள். ஸாடும் அர்ஸாவும் கலகத்தில் இறங்குவதற்கு அந்த அக்கிரமமும் ஒரு காரணம் ஆகிறது. சிறைக்குள் அவர்களுக்குப் பிறந்த பையனை அக்கறையோடு பார்த்துக்கொண்டவனும் இந்தப் பேச்சிழந்தவன்தான்.

படத்துக்கும் இந்தக் காமிக்ஸுக்கும் கதைத் தொடர்ச்சி கிடையாது. ஆனாலும் இரண்டிலும் ஒரே கை இருக்கிறது. இதைப் படித்துவிட்டு 1978 படத்தின் தொடக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு அது வேறு காட்சி. மூவரையும் தண்டித்து அனுப்பிய கையோடு ஜோர்-எல் ஆட்சிக் குழுவின் முன் நிற்கிறார். கிரகம் வெடிக்கப் போகிறது என்று மன்றாடுகிறார். பீதியைக் கிளப்பினால் அது ராஜதுரோகம், நீங்கள் கண்டுபிடித்த அதே ஃபேன்டம் ஸோனுக்குள் நீங்களும் போக வேண்டியிருக்கும் என்று மிரட்டுகிறார்கள். பிராண்டோ ஒரு கணம் யோசித்து, இனிப் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அதாவது உண்மையை அறிந்த இருவரில் ஒருவர் வாயைத் தானே மூடிக்கொண்டார், அதனால் மகனை விண்கலத்தில் ஏற்றி அனுப்பும் அளவுக்கு அவருக்கு அவகாசம் கிடைத்தது. இன்னொருவன் மூட மறுத்தான், அவனுக்கு வாயே இல்லாமல் செய்தார்கள். முன்னவர் பின்னவனைப் பார்த்து, இவனுக்கு அறிவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்கிறார். சூப்பர்மேன் கதையில் இதற்கு இணையான கொடுமை எனக்கு வேறு தெரியாது. 1978 இல் பிராண்டோவுக்கும் ஓ'ஹாலோரனுக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் விசாரணையில் நொன்னின் முகத்தில் இருக்கும் அந்தத் திகைப்பு, பின்னால் வந்த கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரு நடிகர் தன் பாத்திரத்துக்குள் காரணம் சொல்லாமல் ஒரு வெற்றிடத்தை நேர்மையாக விட்டுவைத்தார், பல ஆண்டுகள் கழித்து ஒரு கதை வந்து அங்கே உட்கார்ந்தது.

'சூப்பர்கேர்ள்' தொலைக்காட்சித் தொடரிலும் நொன் உண்டு. கிறிஸ் வான்ஸ் நடித்தார். அங்கே அவன் நன்றாகப் பேசுகிறான், திட்டம் தீட்டுகிறான், தளபதியாக ஆணையிடுகிறான். வான்ஸ் தேர்ந்த நடிகர்தான். ஆனால் பேச்சு வந்தவுடன் நொன் பத்தோடு பதினொன்றாகிவிட்டான். அந்தப் பெயரை வேறு யாருக்காவது வைத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு 'சூப்பர்மேன் 2' இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. முதல் படத்தையும் இதையும் ஒருசேரப் படம்பிடித்துக்கொண்டிருந்த டானரை நீக்கிவிட்டு, ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்து வெளியிட்டது 1980 வடிவம். டானர் எடுத்த காட்சிகளைத் தேடித் தொகுத்து 2006 இல் வந்தது இன்னொன்று. விமர்சகர்களில் பலர் பின்னதைத் தூக்கிப் பிடிப்பார்கள். பிராண்டோவின் காட்சிகள் திரும்பி வந்ததால் அதன் கனம் கூடியிருப்பது உண்மை. டானர் அதில் லெஸ்டரின் வேடிக்கைகளை நிறையக் கத்தரித்திருக்கிறார், கடைசியில் காலத்தையே பின்னோக்கிச் சுழற்றி மூவரையும் பழைய சிறைக்கே அனுப்பிவிடுகிறார். நொன்னுக்காகப் பார்ப்பதானால் நான் லெஸ்டரின் பக்கம். பனிக்கோட்டையில் சூப்பர்மேன் தந்திரமாக மூவரின் ஆற்றலையும் பறித்த பிறகு, ஸாடும் அர்ஸாவும் அடி வாங்கி வீழ்கிறார்கள். நொன்னை யாரும் அடிப்பதில்லை. பறக்க முடியும் என்று நம்பி அவனே தாவுகிறான், பள்ளத்தில் விழுகிறான். 1980 வடிவத்தில் அந்தத் தாவலுக்குப் பிறகு காலம் பின்னோக்கி ஓடுவதில்லை. அந்த நம்பிக்கைக்கு அவன் கொடுத்த விலை திரையில் அப்படியே நிற்கிறது, அதனால்தான் என் ஓட்டு அதற்கு.