பார்பியானா மாணவர் தீட்டிய மடல்

தேர்வில் தோற்றவன் தகுதியற்றவன் என்று தீர்ப்பெழுதும் ஆசிரியைக்கு, தோற்ற பிள்ளைகளே திருப்பி எழுதிய தீர்ப்பு ஒன்று உண்டு. இத்தாலியில் 1967இல் வெளிவந்த ‘ஆசிரியைக்கு ஒரு மடல்’ என்னும் நூலே அது. தீட்டியோர் எண்மர், தஸ்கனி மலைச் சிற்றூராம் பார்பியானாவின் பள்ளிச் சிறுவர். அவர்களை ஒருங்கே அமர்த்தி எழுத வைத்தவர் கத்தோலிக்கப் பாதிரியார் லொரென்சோ மிலானி.

பாதிரியார் பள்ளி என்றதும் முகஞ்சுளிக்கும் தோழர்கள் சற்றே பொறுத்திடுக! அங்கே மதிப்பெண் இல்லை, விடுமுறையும் இல்லை. மூத்தவன் இளையவனுக்கு ஆசான். பின்தங்கியவனுக்கே முதலிடம். அரசுப் பள்ளி வெளியே தள்ளிய பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று, தந்தையரின் தொழிலை வைத்தே அச்சிறுவர் கணக்கெடுத்தனர். பெரும்பாலும் உழவர் வீட்டாரும் தொழிலாளர் வீட்டாருமே! தகுதி, திறமை என்னும் பசப்பு மொழியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு இது புதுக்கதையா?

ஆசிரியையை விளித்தாலும், மடல் பேசுவது பெற்றோரிடம்தான்: அமைப்பாகத் திரளுங்கள் என்கிறது. கட்டணம் கட்டும் நாளில் மட்டுமே பெற்றோரை நினைக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் அப்பக்கங்களையேனும் படிக்கட்டும்.

குறையும் உண்டு. சிறுமியர் பார்பியானாவுக்கு அரிதாகவே வந்தனர். அதை மறைக்காத நூல், சில வரிகளிலேயே அதனைக் கடந்துவிடுகிறது. ஏழையின் வீட்டிலும் ஏழையாய்க் கிடப்பவள் பெண்ணன்றோ? அவளுக்கு இன்னும் பல பக்கங்கள் தந்திருக்க வேண்டும்.

மிலானியின் முந்தைய நூலை 1958இல் விற்பனையிலிருந்து விலக்கச் செய்தது வத்திக்கான். அதே வத்திக்கானின் தலைவர் போப் பிரான்சிஸ், 2017இல் அவர் கல்லறையில் நின்று தொழுதார். மடல் வெளியான அடுத்த திங்களே கண்மூடியவருக்கு அந்த மரியாதை வந்து சேர ஐம்பது ஆண்டுகள் ஆயின.