மூக்கில் ஏறிய பச்சை

குப்பியின் மூடியைத் திருகினேன், அவ்வளவுதான், அறை முழுக்க அறுத்துப் போட்ட புல்! நிறமே இல்லாத திரவம், லேசான எண்ணெய்ப் பதம், பார்த்தால் ஒன்றுமே தெரியாது. காகிதப் பட்டையின் நுனியை அதில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன், மெய்சிலிர்த்துவிட்டது. மழை விட்ட காலையில் மைதானத்தில் புல் வெட்டும்போது வருமே, அதே வாசனை! பட்டையைக் கீழே வைக்க மனசே வரவில்லை, வீட்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடி நீட்டினேன்.

இதன் பெயர் சிஸ்-3-ஹெக்ஸெனோல். வாசனைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ‘இலை ஆல்கஹால்’. 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். இத்தனூண்டு மூலக்கூறுக்குள் ஒரு வயல்வெளியே அடங்கிக் கிடக்கிறது!

அது பிறக்கிற விதத்தைக் கேளுங்கள், இன்னும் பிரமித்துப்போவீர்கள். புல் சும்மா நிற்கும்போது இந்த வாசனை பெரிதாக வராது. வெட்டுங்கள், கசக்குங்கள், ஒரு புழு வந்து கடிக்கட்டும்: செல் கிழிந்ததுமே அதன் சவ்விலிருந்து லினோலெனிக் அமிலம் கழன்று வருகிறது, 18 கார்பன் நீளச் சங்கிலி. ஒரு நொதி அதில் ஆக்சிஜனை ஏற்றுகிறது, இன்னொரு நொதி 12 ஒரு துண்டு, 6 ஒரு துண்டு என்று நறுக்கிவிடுகிறது. அந்தச் சின்னத் துண்டு ஓர் ஆல்டிஹைடு, மூக்கைச் சுள்ளென்று தாக்குகிற முதல் பச்சை வாடை அதுதான். மூன்றாவதாக ஒரு நொதி வந்து அதை ஆல்கஹாலாக மாற்றித் தருகிறது. இத்தனையும் நீங்கள் புல்லை வெட்டிவிட்டு நிமிர்வதற்குள்!

இதெல்லாம் நமக்காக நடப்பதுமில்லை. ஆந்த்ரே கெஸ்லர், இயன் பால்ட்வின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் யூட்டாவில் காட்டுப் புகையிலைச் செடிகளை வைத்து ஆராய்ந்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்த இலை ஆல்கஹாலைச் செடியருகே வைத்தபோது, இலையில் இருந்த புழு முட்டைகளைத் தின்னும் குட்டிப் பூச்சிகளின் வேட்டை கூடியது. நினைத்துப் பாருங்கள், நகர முடியாத ஒரு செடி, வாயில்லாத ஒரு செடி, தன் எதிரியின் எதிரியை வாசனையாலேயே கூப்பிடுகிறது!

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால், பறித்த கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். குளிர்ந்த காற்றோடு கலந்து வரும் அந்தப் பச்சை மணத்தில் இந்த ஆல்கஹாலும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி பக்கம் வயல் வயலாக விளைகிற மெந்தா புதினாவிலும் உண்டு. அதன் எண்ணெயைச் சூடேற்றிப் பிரிக்கும்போது மெந்தால் 200 டிகிரியைத் தாண்டித்தான் ஆவியாகும். நம்ம ஆளுக்கோ கிட்டத்தட்ட 157 டிகிரியே போதும், முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். இயற்கையானது என்று விலை கூடுதலாக விற்பதில் இப்படிக் கிடைப்பதும் உண்டு. செயற்கையாகவும் ஏராளமாகத் தயாரிக்கிறார்கள். ஸ்ட்ராபெரி, ஆப்பிள், தக்காளிச் சுவையூட்டிகளில் துளியூண்டு இது விழுந்தால் போதும், மிட்டாய் வாடை போய்ப் பழ வாடை வந்துவிடும்.

இப்போது என் உச்சக்கட்டத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பென்சைல் அசிடேட், லினலூல், ஹெடியோன், தம்மாத்தூண்டு இன்டோல் எல்லாம் சேர்த்து ஒரு மல்லிகை வாசனை கலந்து வைத்திருந்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் உயிர் இல்லை, கடையில் விற்கிற ஊதுபத்தி மல்லிகை. ஆல்கஹாலில் 1 சதவீதமாகக் கரைத்த சிஸ்-3-ஹெக்ஸெனோலை அதில் ஒரே ஒரு சொட்டு விட்டுக் குலுக்கி முகர்ந்தேன், ஐயோ, என்னவென்று சொல்வேன், அப்போதுதான் பறித்த அரும்பு, காம்பில் இன்னும் பால்பச்சை மாறாத அரும்பு, ஈரத் துணியில் சுற்றிக் கூடையில் வந்திறங்குகிற மதுரை மல்லி அப்படியே என் மேசைமேல் கொட்டிக் கிடந்தது, நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன், வாய்விட்டுச் சிரித்தேன், மறுபடி முகர்ந்தேன், மறுபடி சிரித்தேன்! நிஜ மல்லிகையின் மணத்திலும் இதன் எஸ்டர்கள் கலந்திருக்கின்றன என்று படித்தபோது, அந்த ஒரு சொட்டு எங்கே போய்ச் சரியாக உட்கார்ந்தது என்று விளங்கியது.

சீக்கிரம் பறந்துவிடுகிறதே என்பார்கள். பறக்கட்டுமே! பச்சை நீடித்து நிற்க வேண்டுமென்றால் இதன் சாலிசிலேட் எஸ்டர் இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த முதல் சில நிமிட வெடிப்பை மட்டும் இது ஒன்றுதான் தரும். எளிதில் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குப்பியிலிருந்து நேராக முகர்ந்தால் மூக்கே திணறும், பட்டை நுனியில் தொட்டோ கரைத்தோதான் முகர வேண்டும். மற்றபடி யோசிக்கவே யோசிக்காதீர்கள், ஒரு சின்னக் குப்பி வாங்கிவிடுங்கள், உங்களுக்குப் பிடித்த எந்தப் பூவோடும் ஒரு சொட்டு சேர்த்துப் பாருங்கள், பூ செடிக்கே திரும்பிப் போய்விடும்!