அடிபட்டவள் அரசியலுக்கு வந்தாள்

“பாட்டாளிக்கு அரசியலில் நாட்டமில்லை; குடிப்பான், அடிப்பான், படுப்பான். அவனையா திருத்தப் போகிறீர்?” என்று கேட்போர் உளர். கேட்பவர் பெரும்பாலும் படித்தவர். அவர்களிடம் நான் நீட்டும் மறுமொழி, மாக்சிம் கார்க்கி 1906-இல் எழுதிய ‘தாய்’ நாவல், தொ. மு. சி. ரகுநாதன் அதனைத் தமிழில் தந்துள்ளார்.

ஆலைத் தொழிலாளி மிகயீல் விளாசவ் குடிக்கிறான். மனைவி பெலகேயாவை அடிக்கிறான். பிறவிக் கொடியவனா அவன்? அன்று! மேலதிகாரிமீது ஓங்க முடியாத கை, மனைவிமீது ஓங்குகிறது. மகன் பாவெலும் முதலில் போதையில்தான் வீடு திரும்புகிறான். வறுமை தானாகப் புரட்சியைப் பெற்றெடுப்பதில்லை. முதலில் பெறுவது போதையை, அச்சத்தை, பிரார்த்தனையை!

வெறும் கற்பனையன்று இது. 1902-இல் சோர்மவா தொழிலாளர் நடத்திய மே நாள் ஊர்வலம் கதைக்குக் கருவாயிற்று. ரஷ்யப் பேரரசில் 1897 கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 21 பேர். பெண்களில் 13 பேரே. அவ்வாண்டுச் சட்டம் ‘குறைத்து’ வகுத்த வேலை நேரம் நாளொன்றுக்குப் பதினொன்றரை மணி! தொழிற்சங்கத்துக்கோ 1906 வரை தடை. படிக்க எழுத்தில்லை, பேச நேரமில்லை, கூட இடமில்லை! இத்தனையும் பறித்துவிட்டு “நாட்டமில்லை” என்பது, காலைக் கட்டிவிட்டு “ஓடத் தெரியாதவன்” என ஏசுவதன்றோ?

பாவெல் கைக்குப் புத்தகம் வருகிறது. வீட்டுக்கு நண்பர்கள் வருகிறார்கள். ஆலையைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தை வடிக்கக் கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக் பிடித்தம் என்கிறது நிருவாகம். பாவெல் முழங்குகிறான், ஆயினும் தொழிலாளர் வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர். அவர்களை அவன் பழிக்கவில்லை. நம்பவைக்கும் வலிமை தனக்கில்லையே என்றுதான் வருந்துகிறான். மேடையேறும் இளைஞர் மனத்தில் பொறிக்க வேண்டிய கட்டம்!

மகன் சிறைப்பட்டதும் கிளம்புகிறாள் தாய். கொள்கை கற்றா? இல்லை. துண்டறிக்கைகள் ஆலைக்குள் தொடர்ந்து பரவினால், மகன்மீது பழி நிற்காதே என்று! உணவு விற்பவளாக நுழைகிறாள், உடைக்குள் அறிக்கைகள். பாசம் அழைத்து வந்தது, பணி அறிவூட்டியது.

பகுத்தறிவாளர் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. துயரில் சாய வேறு துணையில்லாத தன்னிடமிருந்து ஆண்டவனைப் பறிக்க வேண்டாம் என்கிறாள் தாய். பாவெல் எள்ளவில்லை, மக்களை மிரட்டக் காட்டப்படும் கடவுளையே தான் சாடியதாக விளக்குகிறான். சாய்ந்திருந்த தூணை இடிக்குமுன், தோள் கொடுத்தனர் தோழர்கள். நம்மில் சிலரோ தூணை மட்டும் இடித்துவிட்டு வீடு திரும்புகிறோம்!

குறையும் உண்டு. பிற்பகுதியில் உரையாடல்கள் சொற்பொழிவாக நீள்கின்றன. தோழர்கள் கறையே படியாதவர்கள். வேலைக்குத் திரும்பிய தொழிலாளரின் இல்லங்களுக்குள் கார்க்கி நம்மை அழைத்துச் செல்லவில்லை. அவர்கள் ஏன் வரவில்லை என்பதும் அரசியல்தானே?

முடிவில், சைபீரியாவுக்கு அனுப்பப்படும் மகனின் நீதிமன்ற உரையை அச்சிட்டுச் சுமந்த தாய், ரயில் நிலையத்தில் பிடிபடுகிறாள். தாள்களை மக்களிடம் வீசுகிறாள். காவலர் கழுத்தை நெரிக்கையிலும் பேசுகிறாள். கணவன் அடித்தபோது வாய் திறவாதவள்! அவளை மாற்றியது அற்புதமன்று. கூடும் இடம் அவள் வீடாயிற்று. தோழர் துணை வந்தது. நாற்பது வயதில் எழுத்தும் வந்தது.

“மக்கள் வரவில்லையே” எனச் சலிக்கும் தோழனே! அவர்களுக்கு நாம் என்ன கொண்டு சென்றோம்? நம் தெருவில் ஒரு தாய்க்கேனும் எழுத்துக் கற்பித்தோமா?